நாட்டை இணைத்த இதழும் நாவை மீட்காத நடையும்

ஓரினத்தை அடக்கியாள விழைவோர் முதற்கண் அதன் நிலத்தைக் கூறு போடுவர். அடுத்து அதன் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அயன்மொழியை அமர்த்துவர். இறுதியில் அவ்வினத்தானே தன் தாய்மொழியைத் தாழ்வென்று எண்ணுமாறு செய்வர். இம் மூன்று கேடுகளுள் முன்னிரண்டையும் எதிர்த்து நின்று வென்று, மூன்றாவதனைக் களையாது விட்ட ஓர் இதழின் வரலாறு தமிழர் கூர்ந்து கற்கத் தக்கது. அவ்விதழ் தமிழிதழன்று, வடகருநாடகத்து ஊப்ளி நகரினின்று வெளிவரும் 'சம்யுக்த கர்நாடக' என்னும் கன்னட நாளிதழே அது.

ஊப்ளி என்பது ஆங்கிலேயர் நாவிற் சிதைந்த வடிவம். கன்னடர் அதனை உப்பள்ளி என மூச்சொலி கூட்டி ஒலிப்பர். தமிழில் பகரமாக நிற்பது கன்னடத்திற் பெரும்பாலும் மூச்சொலியாகத் திரியும். பால், பத்து, புலி என்பன அவ்வாறு திரிந்தே அங்கு வழங்குகின்றன. அம் முறையிற் பார்ப்பின், பூவும் வள்ளியும் கூடியமைந்த ஊர்ப்பெயரே அது என்றும், பூங்கொடி என்பதே அதன் பொருள் என்றும் கூறுவர். தமிழன் காதுக்கு இத்துணை அணுக்கமான பெயரையுடைய ஊரிலிருந்து வெளிவரும் இதழ், தன் பெயரை மட்டும் 'சம்யுக்த' என்று வடமொழியில் வைத்துக்கொண்டது. இவ் வரலாற்றின் சிறப்பும் குறையும் இவ்விரு பெயர்களிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

துண்டாடப்பட்ட கன்னட நிலம்

1799-ஆம் ஆண்டில் திப்பு வீழ்ந்தபின் கன்னட நிலம் பல கூறாயிற்று. மைசூர் ஒரு மன்னர் கையில் தங்கியது. தார்வாடு, பெல்காம், பீசப்பூர், வடகன்னடம் என்பன காலப்போக்கிற் பம்பாய் ஆட்சிப் பகுதியுட் சென்றன. பெல்லாரியும் தென்கன்னடமும் சென்னை ஆட்சிக்குட்பட்டன. குல்பர்கா, இராய்ச்சூர், பீதர் ஆகியன நிசாமின் ஆட்சியில் இருந்தன. குடகு தனியே நின்றது. இவற்றிடையே சிறு சிறு குறுநில ஆட்சிகளும் இருந்தன. ஒரே மொழி பேசும் மக்கள், ஓர் ஆட்சிப் பகுதியில் மராத்தியர்க்குச் சிறுபான்மையர். மற்றொன்றில் தெலுங்கர்க்கும் தமிழர்க்கும் சிறுபான்மையர். இன்னொன்றில் உருதுவின்கீழ் அமுங்கியவர். மைசூர் நீங்கலாகப் பெரும்பாலான பகுதிகளில் அவர்தம் மொழி ஆட்சிமொழியாக இல்லை.

பம்பாய்ப் பகுதியின் நிலை மிக இரங்கத்தக்கதாய் இருந்தது. கன்னடச் சிறுவர் மராத்தியப் பள்ளியிற் பயின்றனர்; கற்றோர் மராத்தியத்திலேயே எழுதினர்; அவர் கையில் தவழ்ந்த இதழ்களும் மராத்திய இதழ்களே. வீட்டிற் கன்னடம், வெளியில் மராத்தியம் என்னும் இரட்டை வாழ்வு அங்கு இயல்பாகிவிட்டது. அத்தகைய மண்ணிலேதான் 1890-ஆம் ஆண்டில் தார்வாட்டில் 'கர்நாடக வித்யாவர்த்தக சங்கம்' தோன்றிற்று. கன்னட நூல் எழுதுவாரைப் போற்றுதல், கன்னடக் கல்வியை வளர்த்தல் என்னும் எளிய நோக்கங்களோடு தொடங்கிய அவ்வமைப்பு, பின்னாளில் நில ஒருமைப்பாட்டு இயக்கத்திற்குத் தாய்வீடாயிற்று. மொழிச் சங்கமே அரசியல் இயக்கத்திற்கு வித்தாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதின்று.

கன்னடத்தின் முதற் செய்தியிதழ் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1843-இல் பேசல் சமயப் பணிக்குழுவைச் சார்ந்த செருமானியர் எர்மன் மோக்லிங்கு மங்களூரில் 'மங்களூர சமாச்சார' என்னும் இதழைக் கல்லச்சில் வெளியிட்டார். அப் பணிக்குழுவைச் சார்ந்த கிட்டல் என்பவரே 1894-இல் பெரும் கன்னட அகரமுதலியை அளித்தார். கால்டுவெல்லையும் போப்பையும் நினைந்து நன்றி பாராட்டும் தமிழர்க்கு இவர்தம் உழைப்பின் அருமை எளிதில் விளங்கும். ஆயினும் அயலார் அச்சுக்கூடம் அமைத்துத் தரலாம். அகரமுதலி தொகுத்துத் தரலாம். ஓரினத்தின் நிலத்தை அவ்வினமே மீட்டாக வேண்டும்.

இதழ் பிறந்த சூழல்

அம் மீட்பு வேலையை எழுத்தால் தொடங்கியவர் ஆலூர் வேங்கடராயர். 1917-இல் அவர் வெளியிட்ட 'கர்நாடக கதவைபவ' என்னும் நூல், சாளுக்கியரும் இராட்டிரகூடரும் ஆண்ட பழம்பெருமையைக் கன்னடர்க்கு நினைவூட்டியது. 1922-இல் 'சய கர்நாடக' என்னும் இதழையும் அவர் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1921-இல், அரங்கநாத திவாகர் தார்வாட்டில் 'கர்மவீர' என்னும் கிழமையிதழை நடத்தத் தொடங்கியிருந்தார். 1924-இல் காந்தியடிகள் தலைமையிற் பேராயக் கட்சியின் மாநாடு பெல்காமில் நடைபெற்றபோது, அங்கேயே கருநாடக ஒருமைப்பாட்டு மாநாடும் கூடிற்று. நாட்டு விடுதலையும் நில ஒருமையும் ஒரே பந்தலின்கீழ்ப் பேசப்பட்டன.

இச் சூழலில், 1920-களின் இறுதியில், பெல்காமிற் பிறந்ததே 'சம்யுக்த கர்நாடக'. 'ஒன்றுபட்ட கருநாடகம்' என்பது அதன் பொருள். அந்நாளில் அத்தகைய நாடு எந்த நிலப்படத்திலும் இல்லை. நிலப்படத்தில் இல்லாத நாட்டின் பெயரைத் தலைப்பாகத் தாங்கி ஓரிதழ் வெளிவந்தது என்னும் செய்தியே அதனை நடத்தினார் உள்ளத் திட்பத்தைக் காட்டும். 1930-களில் அது ஊப்ளிக்குப் பெயர்ந்து நாளிதழாய் வளர்ந்தது. பீசப்பூரில் இதழ் நடத்திப் பழகிய மொகரை அனுமந்தராயர் அதன் ஆசிரியராய் நீண்டகாலம் இருந்து அதனை உருவாக்கினார்.

அவ்விதழின் உடைமை முறையே தமிழர் ஊன்றி நோக்க வேண்டுவது. அது தனி ஒருவரின் வணிகப் பொருளாக விடப்படவில்லை. 'லோகசிக்சண' அறக்கட்டளை, அஃதாவது மக்கட்கல்வி அறக்கட்டளை, என ஒன்று நிறுவப்பெற்று, அதன் கீழ் இதழ் கொண்டுவரப்பட்டது. தொடக்க முதல், பொதுமக்கள் ஈந்த சில ஆயிர உருபாவே. கன்னடம் பேசும் மக்கட்குத் தெளிந்த பொதுக்கருத்தை எடுத்துரைக்கும் ஏடுகளை அளித்தல், படிப்பகம் அமைத்தல், நூல் வெளியிடுதல் என்பன அதன் நோக்கங்களாக எழுதப்பட்டன. 'சம்யுக்த கர்நாடக' நாளிதழும், 'கர்மவீர' கிழமையிதழும், 1956-இல் தோன்றிய 'கத்தூரி' என்னும் திங்களிதழும் அவ்வொரே அறக்கட்டளையின் பிள்ளைகளாயின. 'கத்தூரி'யின் ஆசிரியராய் இருந்த பா. வெம். ஆசார்யர், சொற்களின் பிறப்பையும் பொருள் திரிபையும் பொதுமக்கட்கு விளங்குமாறு தொடர்ந்து எழுதினார். சொல்லாராய்ச்சியைப் புலவர் அறையினின்று மக்கள் முற்றத்திற்குக் கொணர்ந்த அப் பணி, பாவாணரைப் படித்துப் பழகிய தமிழர் மனமுவந்து பாராட்டத் தக்கதாகும்.

எழுத்து எல்லைக்கோடு ஆயிற்று

1947-இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் கன்னட நிலம் ஒன்றாகவில்லை. மொழிவழி மாநிலம் அமைப்பதாக முன்பு உறுதி கூறிய பேராயக் கட்சித் தலைவர்கள், ஆட்சிக்கு வந்தபின் தயங்கினர். 1952 திசம்பரில் பொட்டி சீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தபின்னரே தில்லி அசைந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது பெல்லாரியின் பெரும்பகுதி மைசூரோடு சேர்ந்தது. அவ்வாண்டிலேயே ஊப்ளிக்கு அணித்தாகிய அதரகுஞ்சி ஊரைச் சார்ந்த சங்கரகௌடர் கருநாடக ஒருமைப்பாடு வேண்டி உண்ணாநோன்பிருந்தார். ஊப்ளியில் மக்கள் கொதித்தெழுந்தனர். மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னட நிலம் பெரும்பாலும் ஒன்றாயிற்று. இதழின் தலைப்பு நிலப்படத்தின் தலைப்பாவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

வெற்றி முழுமையானதன்று. கன்னடர் தமதெனக் கருதிய காசரகோடு கேரளத்தோடு சேர்ந்தது. அதே நாளில் தமிழர் தமதெனப் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திடமே தங்கின. கோவை மாவட்டத்துக் கொள்ளேகாலம் மைசூருக்குச் சென்றது. இதழ் பிறந்த பெல்காமையே மராத்தியர் இன்றளவும் தமதெனக் கூறி வழக்காடுகின்றனர். மாநிலத்தின் பெயரும் உடனே மாறிற்றில்லை. மைசூர் என்னும் பெயர் நீங்கிக் 'கர்நாடக' என்னும் பெயர் 1973 நவம்பர் 1-ஆம் நாளே வந்தது. தமிழ்நாடு தன் பெயரைப் பெற்றது 1969-இல். பெயருக்கே இத்துணைக் காலம் காத்திருக்க நேர்ந்தது இரு நாட்டார்க்கும் பொதுவான வடு.

அறமா, வணிகமா?

இவ் விதழின் வரலாற்றில் தமிழிதழாளர் அறிய வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி உண்டு. மக்கட்குக் கல்வி புகட்டுவதே தன் நோக்கமாகலின், தன் வருமானத்திற்கு வரிவிலக்கு வேண்டும் என அவ்வறக்கட்டளை வழக்காடியது. வழக்கு உச்ச அறமன்றம் வரை சென்று 1975-இல் தீர்ப்பாயிற்று. கல்வி என்பது பள்ளிபோல் முறையாகப் பயிற்றுதலையே குறிக்கும். செய்தியிதழ் படித்து அறிவு பெறுதலைச் சட்டத்திற் கூறும் கல்வியாகக் கொள்ளலாகாது. ஊதியம் தரும் தொழிலாக இதழ் நடைபெறுவதால் விலக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் சொல்லுக்கு அம்மன்றம் கண்ட பொருள் சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஓரினத்தின் வாழ்வில் இதழ் ஆற்றும் பணியை அப்பொருள் அளந்து முடித்துவிடாது. பள்ளியில் மராத்தியம் படித்த கன்னடச் சிறுவனுக்குத் தன் மொழியிற் படிக்கும் ஆவலை ஊட்டியது எப் பள்ளி? அவ்விதழன்றோ? எனினும் தீர்ப்பு ஓர் உண்மையைப் புலப்படுத்திற்று: இதழ் நடத்துதல் அறமும் வணிகமும் கலந்த தொழில். வணிகத்தை முற்றும் வெறுப்பின் இதழ் மாயும். அறத்தை மறப்பின் இதழ் வாழும், ஆனால் இனம் மாயும்.

பின்னாளில் அதே ஊப்ளியிலிருந்து வந்த போட்டி இதனை மெய்ப்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சரக்குந்துத் தொழிலதிபர் ஒருவர் பெரும் முதலோடு 'விசய கர்நாடக' என்னும் நாளிதழைத் தொடங்கி, விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்கினார். 2006-இல் அது பம்பாயின் பெருங்குழுமம் ஒன்றின் கைக்கு மாறிற்று. குறைந்த விலைக்கு இதழ் கிடைத்தது என்று படிப்பார் மகிழ்ந்தனர். உடைமை கன்னட நிலத்தை விட்டு அகன்றது என்பதை எண்ணினார் சிலரே. அறக்கட்டளை இதழ் ஒன்றை எளிதில் விலைபேசித் தூக்கிச் செல்ல இயலாது. இதழின் உடைமையும் மொழியுரிமையின் ஒரு கூறே.

மீட்கப்படாத நா

இனிக் குறைக்கு வருவோம். நிலத்தை ஒன்றாக்கிய இதழ் எம் மொழியில் அதனை வேண்டிற்று? இணைப்பு இயக்கத்தை 'ஏகீகரண' என்றது; தன் பெயரைச் 'சம்யுக்த' என்றது. ஒன்றுகூடு என்னும் தமிழ்ச்சொல்லோடு உடன்பிறந்த 'ஒந்துகூடு' கன்னடத்தில் உண்டு; கூட்டமைப்பைக் குறிக்கும் 'ஒக்கூட' உண்டு; நாடு உண்டு; சொல்லைக் குறிக்கும் 'நுடி' உண்டு. இருந்தும் கன்னட இதழுலகம் வடசொற்களையே நாடிற்று. நாளிதழ் 'தினபத்ரிகெ', கிழமையிதழ் 'வாரபத்ரிகெ', திங்களிதழ் 'மாசபத்ரிகெ', ஆசிரியர் 'சம்பாதக', தலையங்கம் 'சம்பாதகீய'. தேர்தலுக்கு வடபுலத்துச் 'சுனாவணெ' வந்தது. மராத்தியத்தை வாயிலில் தடுத்தவர், வடமொழியைப் பின்கட்டு வழியே உள்ளழைத்துப் பாய் விரித்தனர்.

கன்னடத்திற்குத் தன்காலில் நிற்கும் ஆற்றல் இல்லையா? 13-ஆம் நூற்றாண்டில் ஆண்டையர் என்னும் சமணப் புலவர் 'கப்பிகர காவ' என்னும் நூலைத் திரியாத வடசொல் கலவாது இயற்றிக் காட்டினார். மொழி இயலாததன்று; மொழியாளரே முயலாதவர். அண்மைக் காலத்தில் டி. என். சங்கரபட்டர் என்னும் மொழியறிஞர், கன்னட இலக்கணம் வடமொழி அச்சில் வார்க்கப்பட்டிருத்தலையும், கன்னடர் நாவில் ஒலிக்காத வல்லொலி எழுத்துகள் எழுத்தில் மட்டும் ஏறியிருத்தலையும் எடுத்துக்காட்டி, கன்னடத்தின் இயல்பான சொல்லாக்கத்தை வலியுறுத்தி வந்தார். 2023-இல் அவர் மறைந்தார். நாளிதழ்கள் அவர் வழியைப் பின்பற்றியிருப்பின் கன்னட நடை இன்று வேறாயிருக்கும்.

நடையில் விட்ட இடம் பள்ளியில் வினையாக முளைத்தது. ஒன்றுபட்ட கருநாடகத்திலேயே, கன்னடத்தைப் படியாமல் வடமொழியை முதன்மொழியாகக் கொண்டு மாணவர் தேறும் நிலை இருந்தது. அதனை ஆராய 1980-இல் அமைக்கப்பட்ட கோகாக்குக் குழு, கன்னடமே முதன்மொழியாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு தயங்கியபோது தார்வாட்டு எழுத்தாளர்கள் கிளர்ந்தனர்; பாட்டீல் புட்டப்பர் போன்ற இதழாளர் முன்னின்றனர்; 1982-இல் நடிகர் இராசகுமார் இறங்கியபின் அது மக்கட் பேரியக்கமாயிற்று. நிலம் ஒன்றாகிக் கால் நூற்றாண்டு கழிந்தபின்னும், சொந்த மாநிலத்தில், சொந்த அரசிடம், சொந்த மொழிக்கு முதலிடம் கேட்டுத் தெருவில் நிற்க நேர்ந்தது ஏன்? நில எல்லையைக் காத்தோர் சொல் எல்லையைக் காவாமையே அதற்கு ஒரு கரணியம்.

ஓர் எதிர்வினாவும் விடையும்

செய்தியிதழ் பொதுமக்கட்கு உரியது. அதில் மொழித்தூய்மை பேசின் படிப்பார் குறைவர் என்று சிலர் உரைப்பர். இது புறந்தள்ளத் தக்க வாதமன்று. இதழ் படிப்பாரின்றி நில்லாது என்பது மெய். ஆயின் தார்வாட்டு உழவனுக்குச் 'சம்பாதகீய' என்னும் சொல் பிறவியிலேயே தெரியுமா? இதழே அதனை நாள்தோறும் அச்சிட்டு அவனுக்குப் பழக்கியது. வடசொல்லைப் பழக்க இயன்ற ஏட்டிற்கு நாட்டுச் சொல்லைப் பழக்க இயலாமற் போமா? பழக்கத்தால் எளிமையானதை இயல்பால் எளிமையானதென மயங்குதல் கூடாது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததே இதற்குச் சான்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியபின் மறைமலையடிகள் தம் 'ஞானசாகரம்' இதழை 'அறிவுக்கடல்' ஆக்கினார். அன்று நகைத்தோர் பலர். அபேட்சகர் வேட்பாளரானதும், அக்கிராசனர் தலைவரானதும், பிரசங்கம் சொற்பொழிவானதும் அந் நகைப்புக்குப் பின்னரே. இன்று அப் பழஞ்சொற்களைக் கூறின் இளைஞர்க்குப் பொருள் விளங்காது. எது கடினம், எது எளிது?

ஆயினும் தமிழர் கன்னடரை நோக்கிக் கைகொட்டி நகைக்கும் நிலையில் இல்லை. தமிழ்நாட்டில் மிகுதியாக விற்கும் நாளிதழ்கள் பலவற்றின் பெயர்கள் இன்றும் 'தின' என்றே தொடங்குகின்றன. வடசொல் குறைந்த இடத்தில் ஆங்கிலம் வந்து அமர்ந்துள்ளது. வானொலிக்கு மைசூர் நிலையம் 1935-இல் வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே இனி நாடெங்கும் ஒலிக்க வேண்டுமென 2023-இல் நடுவணரசு ஆணையிட்டது. கன்னட நிலத்தார் விழிப்பின்றி விதைத்த ஒரு சொல், தமிழன் ஆக்கிய வானொலி என்னும் சொல்லைத் துரத்த வருகின்றது. பக்கத்து வயலிற் களை முளைத்தால் தன் வயலுக்கும் கேடே.

அண்டை இனமும் இதழறமும்

இன்னொன்றும் கூறியாதல் வேண்டும். 1991 இறுதியில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டிப் பெங்களூரிலும் பிற இடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டனர். பல்லாயிரவர் வீடுவிட்டு வெளியேறினர். தன்னினத்தை ஒன்றாக்க எழுந்த உணர்ச்சி, அண்டை இனத்தை அடிக்க எழுந்த உணர்ச்சியாக மாறுவதற்கு நெடுந்தொலைவு இல்லை என்பதை அந் நிகழ்ச்சி காட்டிற்று. அவ் வேளைகளில் எரியும் நெருப்பில் நெய் ஊற்றுவதும் இதழே. நீர் ஊற்றுவதும் இதழே. இஃது இரு நாட்டு இதழ்கட்கும் ஒருங்கே பொருந்தும். கன்னடமும் தமிழும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். நீரால் மாறுபட்டோர் நாவால் உறவினர் என்பதை நாள்தோறும் நினைவூட்டும் கடமை மொழிப்பற்றுள்ள இதழுக்கே முதலில் உரியது.

'சம்யுக்த கர்நாடக' தமிழர்க்குக் கற்பிப்பன மூன்று. நிலப்படத்தில் இல்லாத நாட்டையும் எழுத்தால் உண்டாக்கலாம். மக்கள் பணத்தில், மக்கள் அறக்கட்டளையில் ஒரு நாளிதழைப் பல பத்தாண்டுகள் நிறுத்தலாம். நாட்டை மீட்டும் நாவை மீட்காவிடின் பாதி வேலை எஞ்சி நிற்கும். முதலிரண்டும் பின்பற்றத் தக்கன, மூன்றாவது எச்சரிக்கை.

தூயதமிழில் ஒரு நாளிதழ் வேண்டும் என்று தமிழன்பர் மேடைதோறும் கூறுகின்றனர். ஊப்ளியார் மேடையில் கூறியதோடு நில்லாது உருபா உருபாவாகத் திரட்டி அச்சுப்பொறி வாங்கினர். திங்களிதழ் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் அனுப்பத் தயங்கும் கை, நாளிதழ் வேண்டுமென முழக்கமிட உயர்தல் முறையாகுமா? தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் கட்டணத்தை உரிய நாளில் செலுத்துக. தம் ஊரில் படிப்பகம் ஒன்றிற்கு ஓர் இதழேனும் வாங்கி வைக்குக. தம் கடைப்பலகையையும் திருமண அழைப்பையும் தமிழில் எழுதுக. நாளிதழ் அதன்பின் தானே வரும். நிலத்தின் எல்லை 1956-லேயே வரையப்பட்டுவிட்டது. சொல்லின் எல்லையை வரையும் வேலை இன்னும் எஞ்சியுள்ளது. அதற்கு ஆணையம் எதுவும் தில்லியிலிருந்து வாராது.